பகலில் சொன்ன கதை

தாலா உஸ்ரு
8 அக்டோபர் 1983

என் மகள் நுவாராவுக்கு, யெம்மா மெல்ஹா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மொக்ரானும் என் பேத்தி தாவுஸும் நலமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

முதலில் நம் பிள்ளைகளின் செய்தியை எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் மகன் மெஸியான் பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டான். இந்த மலை முழுக்க எட்டுப் பேர்தான் தேறினார்கள், அதில் இவன் மூன்றாவது. முதல் இரண்டு பேரின் அப்பாக்களும் வாத்தியார்கள், அதனால் நான் இவனை முதலாவது என்றே சொல்லிக்கொள்கிறேன். அவன் அக்கா ஃபெரூஜா செவிலியர் பள்ளியில் ஊசி போடுவதில் கெட்டிக்காரியாம். விடுமுறைக்கு வந்தவள் என் சீக்குக் கோழிக்கும் ஒன்று போட்டாள். கோழி பிழைத்துக்கொண்டது. என் சின்ன மகனின் பையன் எட்டு மாதத்தில் நடந்துவிட்டான். நடந்த அன்றே எண்ணெய் ஜாடியை உடைத்தான். அதையும் வெற்றியில்தான் சேர்க்கிறேன், ஜாடி அவன் உயரம்.

எல்லாவற்றுக்கும் மேலே தாவுஸ். ஒன்பது வயதில் வகுப்பில் முதல். நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டு சடையும் இடுப்பைத் தாண்டிவிட்டன. தபால்காரன் அர்ஸ்கி பார்த்துவிட்டு, "மெல்ஹாக்கா, இது சடையா, கிணத்துக் கயிறா?" என்றான். "உன் மண்டையில நாலு மயிர் வளர்த்துக் காட்டிட்டுப் பேசு" என்றேன். அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். என் அப்பா மட்டும் என்னை ஐந்தாவதோடு நிறுத்தாமல் விட்டிருந்தால் நானும் உன்னைப்போல டீச்சராகி இவனைப் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

தலை வாரிவிடச் சொன்ன அரக்கியின் கதையை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். எதற்கு? நூறு தடவை கேட்டவள்தானே நீ?

உன் வாசலில் நல்லவர்களே வந்து நிற்கட்டும்.

யெம்மா


பெஷார்
22 அக்டோபர் 1983

அன்புள்ள யெம்மா, உன் கையை முத்தமிடுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நாங்கள் மூவரும் நலம். காற்றில் மணல்தான் அதிகம். ரொட்டியில் கடிபடுகிறது.

எதற்கு என்று கேட்டாய். இந்த ஆண்டு எனக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தாவுஸையும் சேர்த்து. பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். போன வாரம் நரிக் கதை ஒன்று படித்தோம். "நரி ஏன் அழுதுச்சுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "அது எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?" என்கிறாள். இன்னொருத்தி, "அது பரீட்சைக்கு வராது டீச்சர்" என்கிறாள். அதனால் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கதை சொல்வேன். பிறகு அவர்களே யோசிக்க வேண்டும். ஏன் அப்படிச் செய்தாள், வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன, அதற்கு அப்புறம் என்ன. தப்பு என்று எதையும் சொல்லமாட்டேன்.

பாடப்புத்தகத்தில் அந்த நரியை விட்டால் டிராக்டரும் தடுப்பூசியும்தான் கதை. எனக்கு உன் அரக்கி வேண்டும். நூறு தடவை கேட்டேன்தான். ஆனால் ஒருமுறைகூட முடிவுவரை விழித்திருந்ததில்லை, யெம்மா. அந்தப் பெண் சீப்பைக் கையில் எடுப்பதோடு எனக்குத் தூக்கம் வந்துவிடும். உன் சொற்களிலேயே எழுதி அனுப்பு.

தாவுஸ் உனக்குப் பதினொரு முத்தம் அனுப்புகிறாள். எண்ணித்தான் சொன்னாள்.

நுவாரா


தாலா உஸ்ரு
5 நவம்பர் 1983

என் மகளுக்கு, யெம்மாவின் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள், மணலில் தலையை மூடிக்கொண்டு போ. நாங்கள் நலம். அத்தி காய்ந்துவிட்டது, ஒரு கூடை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

படித்த மகள் கதை கேட்டு எழுதியிருக்கிறாள் என்று ஓடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் கண்ணுக்கு விளக்கு வெளிச்சத்தில் எழுத்து தெரிவதில்லை. வாசலில் வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மட்டும் விளக்கேற்றிய பிறகு சொல். அது தெரியாதவளா நீ?

ஒரு பெண் காட்டில் வழி தவறிப்போனாள். ஒரு வீடு. உள்ளே அரக்கி, ஒரு திருகைக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடி தரையெல்லாம் பரந்து கிடந்தது. "பயப்படாத. நான் பசியாறியாச்சு. என் தலைய வாரிவிடு. பொறந்ததுலேருந்து யாரும் வாரிவிட்டதில்ல" என்றாள். ஒரு சீப்பைக் கொடுத்தாள். "அஞ்சு கால் எடுத்துப் பின்னு" என்றாள். அந்தப் பின்னலை இப்போது யாரும் பின்னுவதில்லை. என் அம்மா வைக்கோலில் பின்னிக் காட்டுவாள், கோதுமைக் கதிர்போல நடுவில் மேடிட்டு இருக்கும். பெண் வாரினாள். அரக்கி சுகத்தில் கண்ணயர்ந்தாள். பெண் முடியை ஐந்து காலாகப் பிரித்தாள். பின்னவில்லை. ஒவ்வொரு காலையும் திருகைக் கல்லில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கதவைத் திறந்து ஓடினாள். அரக்கி விழித்து இழுத்தாள், கல் அசையவில்லை. பெண் வீடு வந்து சேர்ந்தாள், அவள் அம்மா நெய் ஊற்றி ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

தாள் தீர்ந்துவிட்டது. அர்ஸ்கி வாசலில் நின்று, "முடிஞ்சுதா, இல்ல நான் கழுதைய மேயவிடட்டுமா?" என்கிறான். எல்லோருக்கும் என் முத்தம்.

யெம்மா


பெஷார்
26 நவம்பர் 1983

அன்புள்ள யெம்மா, உன் கண்ணுக்கும் கைக்கும் நீண்ட ஆயுள். நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஆலிவ் பறிக்க மரத்தில் ஏறாதே, கீழே நின்று திட்டினால் போதும்.

உன் கதை என்ன செய்துவிட்டது என்று கேள். விளக்கேற்றிய பிறகு சொல் என்றாய், பள்ளிக்கூடத்தை நான்கு மணிக்கே பூட்டிவிடுகிறார்களே! காலை பத்து மணிக்குச் சொன்னேன், ஜன்னலெல்லாம் திறந்து வைத்து. முடித்துத் தாளை மடித்தேன். பிறகு மிலூத் எழுந்தான். ஆண்டு முழுக்க வாயே திறக்காத பையன்.

"டீச்சர், அப்புறம் அவ என்ன ஆனா?"

"பொண்ணா? வீட்டுக்கு வந்துட்டாளே."

"அவ இல்ல. கல்லுல கட்டிக் கெடந்தவ."

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் நெனைக்கலாமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது, யெம்மா. "நெனைக்கலாம். எல்லாரும் நெனைங்க" என்றேன். ஹலீமா என்பவள், "எங்க ஆடு கயித்த அறுத்துக்கிட்டு வரலயா? அவளும் முடிய அறுத்துக்கிட்டு வந்திருப்பா" என்றாள். "அப்ப மொட்டைத் தலையா?" என்று ஒருவன் சிரித்தான். "மொட்டைன்னா வெயில் சுடும்ல, வேற முடி தேடுவா" என்றாள் ஹலீமா. எழுதச் சொன்னேன். அன்றுமுதல் ஒவ்வொரு வாரமும் "அப்புறம் என்ன" என்று எழுதுகிறார்கள். தாவுஸ் மற்ற எல்லோரையும்விட அதிகம் எழுதுகிறாள்.

ஒரு குறை. பார்த்து எழுதுகிறார்கள். எல்லா நோட்டிலும் அரக்கி வாயை மூடிக்கொண்டு முனகுகிறாள், எல்லா நோட்டிலும் அவள்மேல் தீய்ந்த பார்லி வாசம் அடிக்கிறது. பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். மிலூத்தைத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார வைத்தேன். அவனும் பார்லி என்றே எழுதியிருக்கிறான். முதல் வாரம் அவள் சப்பாத்திக்கள்ளி வேலிகளுக்கு நடுவே மலையிறங்கினாள். இந்த வாரம் ரயில் பாதைக்கு வந்துவிட்டாள். "டிக்கெட் இல்ல டீச்சர், அதான் நடக்கிறா." இவர்களில் ஒருவர்கூட மலையைப் பார்த்ததில்லை!

எங்கள் மூவரின் முத்தங்கள்.

நுவாரா


தாலா உஸ்ரு
10 டிசம்பர் 1983

மகளுக்கு, யெம்மா. உடம்பு எப்படி இருக்கிறது? தாவுஸ் உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டையும் தனித்தனியாக எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆலிவ் இன்னும் மரத்தில் கிடக்கிறது.

பகலில் கதை சொல்லக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? நான் சொல்லியிருக்கிறேன். எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள். பகலில் சொன்னால் சொன்னவளின் பிள்ளைக்கு முடி கொட்டும். நீ சிரிப்பாய். சிரி. ஆனால் கதையைத் திறந்தவள் மூடவும் வேண்டும். மூடும் சொல் ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. தாள் தீர்ந்தது என்பது உண்மை. எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும் என்று நினைத்ததும் உண்மை. நீயோ ஒவ்வொரு முறையும் தூங்கிப்போனவள்.

இன்னொன்று. தீய்ந்த பார்லி வாசம் என்று என் அம்மா சொல்லுவாள். வாயை மூடி முனகுவாள் என்றும் அவள்தான் சொல்லுவாள். அந்த இரண்டையும் நான் எழுதவே இல்லை. என் கடிதத்தை எடுத்துப் பார். உன் பிள்ளைகளுக்கு யார் சொன்னது?

அந்த "அப்புறம் என்ன" வேலையை இந்த வாரமே நிறுத்து. மூடும் சொல்லைக் கீழே எழுதுகிறேன், எல்லோரையும் சொல்ல வை:

கதை ஓடையோட போச்சு. நாங்க கரையோட வந்தோம். அவளுக்கு அவ வழி, நமக்கு நம்ம வாசல்.

தாவுஸின் புது போட்டோ ஒன்று அனுப்பு. அவள் தலையில் என் முத்தம்.

யெம்மா


பெஷார்
14 ஜனவரி 1984

அன்புள்ள யெம்மா, புத்தாண்டு நல்வாழ்த்துகள். ஏழு காய்கறி போட்டுச் சமைத்தாயா? இங்கே ஐந்துதான் கிடைத்தது. நலம்.

பள்ளிக்கு மேலதிகாரி வந்திருந்தார். நோட்டுகளைப் பார்த்து, இந்தத் தெற்கில் இப்படி எழுதும் பிள்ளைகளைப் பார்த்ததில்லை என்றார். எப்படி நிறுத்துவேன்? மிலூத் இப்போது ஒரு முறைக்கு நான்கு பக்கம் எழுதுகிறான். பகல், இரவு, முடி, இதெல்லாம் நம் ஊர்ப் பேச்சு, யெம்மா. நான் ஆசிரியை.

நம் மலையில் கட்டையைச் சுட்டு இறக்கும் கறுப்பு எண்ணெய் கொஞ்சம் அனுப்ப முடியுமா? தலைக்குத் தடவுவது. மாணவி ஒருத்தியின் அம்மா கேட்டாள்.

போட்டோவுக்கு மொக்ரானிடம் படச்சுருள் இல்லை. பார்க்கலாம்.

நுவாரா


தாலா உஸ்ரு
28 ஜனவரி 1984

நுவாராவுக்கு. எண்ணெய் இரண்டு புட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன். பனி முழங்கால் வரை. அதிலும் அர்ஸ்கி வந்து வாங்கிக்கொண்டு போனான். "என்ன மெல்ஹாக்கா, யார் தலைக்கு?" என்றான். நான் தபால் காசை எண்ணிக் கொடுத்தேன். அவன் இன்று கேலி பேசவில்லை.

எந்த மாணவியின் அம்மா?

தாவுஸைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை ஆண்டில் அப்படி ஒரு கடிதம் நீ எழுதியதில்லை. முத்தம்கூட எண்ணி அனுப்பவில்லை அவள்.

போட்டோ அனுப்பு. படச்சுருள் இல்லையென்றால் கடையில் போய் எடு.

யெம்மா


பெஷார்
9 பிப்ரவரி 1984

என் ஜிதாவுக்கு, பேத்தி தாவுஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா? கோழி நலமா? இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. தபால் தலை அப்பா கொடுத்தார். அப்பாவுக்கு எதற்கு என்று தெரியாது.

எனக்கு இடது பக்கம் முடி கொட்டிவிட்டது. வலது பக்கம் அப்படியே இருக்கிறது. நடுவில் வகிடு எடுத்த மாதிரி நேராக. வலிக்கவில்லை. காலையில் எழுந்தபோது சடை தலையணையில் தனியாகக் கிடந்தது. மறுநாள் குப்பையில் போடத் தேடினால் காணோம். அம்மா என்னைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் கேலி செய்வார்களாம். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்.

அம்மா மருத்துவரிடம் அழுதாள். பயப்படாதே என்று சொன்னேன். ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும். அம்மா கடைசியாக ஒரு கேள்வி கொடுத்தாள்: அரக்கி உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? மிலூத் கல்லால் அடிப்பேன் என்று எழுதினான். ஹலீமா போலீஸைக் கூப்பிடுவேன் என்று எழுதினாள். ஒருவன் அரசாங்கத்தையே கூப்பிட்டான். நான் எழுதியது: "அவள் கெட்டதாக எதுவும் கேட்கவில்லை. தலை வாரிவிடு என்றுதான் கேட்டாள். அந்தப் பெண்தான் ஏமாற்றினாள். எனக்கு நிறைய முடி இருக்கிறது. பாதி தருகிறேன், உட்காருங்கள் என்று சொல்வேன்."

அம்மா அதற்கு இருபதுக்கு இருபது போட்டாள். இரண்டு நாளில் பாதி போய்விட்டது. சரியாகப் பாதிதான் ஜிதா. அவள் ஏமாற்றவில்லை.

ஒரு சந்தேகம். திருகை சுற்றும்போது மனிதர் முனகுவதுபோலக் கேட்குமா? எங்கள் வீட்டில் திருகை இல்லை.

பதினொரு முத்தம்.

தாவுஸ்


தாலா உஸ்ரு
20 பிப்ரவரி 1984

மகளே, இதை உட்கார்ந்து படி. எல்லோரும் நலம், அதற்காக அல்ல.

எனக்கு எல்லாம் தெரியும். யார் எழுதினார்கள் என்று பிள்ளையை அதட்டாதே.

நீ பிறந்த நாள் முதல் என்னை முக்காடு இல்லாமல் பார்த்ததுண்டா? உன் அப்பாகூட இருட்டில்தான் பார்த்தார். குளிக்கும்போது கதவுக்கு நாற்காலி வைப்பேன், நீங்கள் சிரிப்பீர்கள். என் தலையில் இடது பக்கம் முடி கிடையாது. ஒன்பது வயதிலிருந்து.

எனக்கு அம்மை போட்டுக் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். அழுகையை நிறுத்த அம்மா பகலிலேயே அந்தக் கதையைச் சொன்னாள். பெண் சீப்பை எடுத்து வாரத் தொடங்கினாள். அப்போது அப்பா வந்து, "சோறு எங்க?" என்றார். அம்மா எழுந்து போனாள். கதை பாதியில் நின்றது. பாதித் தலை போயிற்று. அம்மா பிறகு மூடும் சொல்லை ஆயிரம் தடவை சொன்னாள். போனது வரவில்லை.

கன்னியர் பள்ளியில் பிள்ளைகள் என் முக்காட்டை இழுத்தார்கள். "பாதி நிலா, பாதி நிலா" என்று பின்னாலேயே வந்தார்கள். என் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை, நுவாரா. நான்தான் போகமாட்டேன் என்றேன். அப்பா வாசலில் நின்று கெஞ்சினார், நான் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. ஐம்பது ஆண்டாக அந்த மனிதன்மேல் பழி போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். தாவுஸை நாளைக்கே பள்ளிக்கு அனுப்பு. முக்காடு போட்டாவது அனுப்பு. பிறகு, அந்தக் கதையில் கை வைத்த எல்லோரையும் நிற்க வைத்து மூடும் சொல்லைச் சொல்ல வை. ஒருவர் விடாமல்.

என் அம்மாவின் திருகை இங்கே கொட்டகையில் கிடந்தது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அடிக்கல் இருக்கிறது. மேல்கல் இல்லை. உன் அண்ணன், "யாராவது சுவருக்கு எடுத்திருப்பாங்க யெம்மா" என்கிறான். இருக்கலாம்.

யெம்மா


பெஷார்
26 மே 1984

அன்புள்ள யெம்மா, உன் கையையும், நான் பார்த்தேயிராத உன் தலையையும் முத்தமிடுகிறேன். மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்தேன், ஒவ்வொரு முறையும் முதல் வரியோடு நின்றேன்.

நீ சொன்னபடியே செய்தேன். தாவுஸை முக்காட்டோடு வகுப்புக்குக் கூட்டிப்போனேன். மிலூத் எழுந்து, "டீச்சர், இவ தலைய யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே? பார்த்தவன் மூக்க நான் பார்த்துக்கறேன்" என்றான். யாரும் பார்க்கவில்லை. பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். இந்த வகுப்பில் என்ன வேண்டுமானாலும் யோசிக்கலாம், ஆனால் இன்றைக்கு ஒரே சொல்தான் என்றேன். கதை ஓடையோட போச்சு. முப்பத்தேழு பேர் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த வாரத்திலிருந்து நோட்டுகளில் அவள் வரவில்லை. கடைசியாக அவள் நின்றது எங்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள பேரீச்சந்தோப்பில். இப்போது ஒட்டகத்தைப் பற்றி வேறு கதை எழுதுகிறார்கள். அதில் பார்லி வாசம் இல்லை.

நல்ல செய்திக்கு வருகிறேன். முடி வளர்ந்துவிட்டது, யெம்மா! அதுவும் எப்படி! மூன்றே மாதத்தில் வலது பக்கத்துக்குச் சமமாக வந்துவிட்டது. மருத்துவர் தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உன் கறுப்பு எண்ணெயைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். தாவுஸ் இப்போது பெரிய மனுஷி. காலையில் நான் எழுவதற்குள் தானே தலை பின்னி முடித்து, புத்தகத்தோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ முனகிக்கொண்டே படிக்கிறாள். ஆண்டு இறுதித் தேர்விலும் முதலிடம் அவளுக்குத்தான்.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். பின்னலைப் பார்க்க வேண்டும் என்று முதுகு காட்டி ஒன்று எடுத்தோம்.

எங்கள் எல்லோரின் முத்தங்கள்.

நுவாரா


தாலா உஸ்ரு
9 ஜூன் 1984

என் மகள் நுவாராவுக்கு, யெம்மா மெல்ஹா. இங்கே எல்லோரும் நலம், முழங்கால் உட்பட. மெஸியான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு தேறிவிட்டான். ஃபெரூஜா இப்போது ஊரில் மனிதர்களுக்கும் ஊசி போடுகிறாள். தாவுஸ் முதலிடம் என்று அர்ஸ்கியிடம் சொன்னேன். "மெல்ஹாக்கா, உங்க வீட்டுல ரெண்டாவது வர்றதுக்கு யாருமே இல்லையா?" என்றான். இல்லை என்றேன்.

நீ நல்ல டீச்சர். முதலில் அதை எழுதிவிடுகிறேன். அந்தக் கதையை என் அம்மாவும் அவள் அம்மாவும் அவள் அம்மாவும் சொன்னார்கள். அந்த அரக்கியை உட்காரச் சொல்லலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. உன் மகளுக்குத் தோன்றியது. எங்களுக்குப் போனது வரவில்லை, அவளுக்கு வந்திருக்கிறது.

உன் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் என்று எழுதியிருந்தாய். முப்பத்தேழு பேர் மூடும் சொல்லைச் சொன்னார்கள் என்று இப்போது எழுதுகிறாய். சொல்லாத அந்த ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

போட்டோவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். முகம் தெரிகிற பழைய போட்டோ ஒரு பக்கம், முதுகு தெரிகிற புதியது ஒரு பக்கம். முடி அழகாக இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. உன்மேல் குற்றமில்லை, நீ வைக்கோலில்கூட அதைப் பார்த்ததில்லை. அது ஐந்து கால் பின்னல். நடுவில் கதிர்போல மேடிட்டு, ஒரு மயிர் பிசகாமல், உச்சியிலிருந்து தொடங்கியிருக்கிறது. எனக்கு அது பின்ன வராது. உனக்கும் வராது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் தலைக்குப் பின்னால் கையை வைத்து அதைப் பின்ன முடியாது. யாரோ நிதானமாக, வலிக்காமல், பின்னால் உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள்.

தாவுஸை எதுவும் கேட்காதே. கதவையும் தாழிடாதே. நன்றாகத்தான் வாருகிறார்கள் என்று தெரிகிறது.

பத்து நாளாக என் தலையிலும் இடது பக்கம் முக்காட்டுக்குள் குறுகுறுவென்கிறது. இன்னும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் வர வேண்டும். அதற்குத்தான் கேட்கிறேன்.

ஒரு நாள் நீ சீக்கிரம் எழுந்திரு. மொக்ரானிடம் சொல்லிக் கேமராவில் சுருள் போட்டு வை. தாவுஸ் தனியாக இருக்கிற போட்டோ எனக்கு வேண்டாம், அது இரண்டு இருக்கிறது. அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, வாருகிறவரும் தெரிகிற மாதிரி, புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

யெம்மா